என் குரலுக்கு ஒரு பெடல்

இனிமே என் குரல் என் கையில. கையிலகூட இல்ல, காலுல. இப்படி ஒரு சபதம் போட்டுட்டுத்தான் அந்தப் பெடலை வாங்கினேன்.

என் பேரு சண்முகையா. சங்கரன்கோவில்ல மைக்செட்டும் பாட்டுக் கச்சேரியும் வச்சிருக்கேன். மேடையில நான் பாடுவேன். கீழ எல்லா மைக்கு சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பெட்டி முன்னால என் பொண்டாட்டி இசக்கிசெல்வி உக்காந்திருப்பா. அங்கதான் வினையே. நான் வாயைத் திறந்த உடனே அவ கை என் மைக்கோட ஃபேடருக்கு, அதான் சத்தத்தை ஏத்தி இறக்குற குமிழுக்கு, போயிரும். ஊரு சத்தத்தை எல்லாம் ஏத்துவா, என் சத்தத்தை மட்டும் இறக்குவா. கட்டின புருஷன் நரம்பு புடைக்கப் பாடுதேன், கடைசி வரிசைக்குக் கேக்கறது தபேலா மட்டும். எரியுமா எரியாதா?

"ஏட்டி, என்னைய மட்டும் ஏன் இறக்குத?"

"நீங்க பாட ஆரம்பிச்சா சனம் பூரா எந்திரிச்சு பந்திக்குப் போயிருது. சமையல்காரர் என்னைய ஏசுதாரு."

"அவரு எதுக்கு ஏசணும்?"

"சோறு வடிக்க நேரமே தர மாட்டேங்கிறியளாம்."

அன்னைக்கு நான் சாப்பிடல. அதாவது, வீட்டுல சாப்பிடல.

வழி சொன்னவன் என் சினேகிதன் ரிஸ்வான் அகமது. கடையநல்லூர்க்காரன், துபாய்ல சவுண்ட் வேலை. லீவுல வந்தவன் பெடலைக் கொண்டாந்து எங்க வீட்டுக் கூடத்துல வச்சான்.

"இது மிடி பெடல் வே. நீரு மேடையில மிதிச்சா கீழ மிக்ஸருக்கு ஒரு மெசேஜ் போகும். அழுத்த அழுத்தச் சத்தம் ஏறும். ஃபேடரை யாரும் தொட வேண்டாம்."

"செல்விகூட?"

"யாருமே. ஆனா ஒண்ணு. பெடல் 'ஏத்து'ன்னு மட்டுந்தான் சொல்லும். எதை ஏத்தணுங்கிறதை மிக்ஸர்ல சொல்லி வைக்கணும். உம்ம குரலுக்கே வச்சுத் தாரேன்."

செல்வி டீயோட நின்னு கேட்டுக்கிட்டிருந்தா. "சீனி போதுமாண்ணே"ன்னா. அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ராஜபாளையம் ரோட்டு மண்டபத்துல கல்யாண வரவேற்பு. மேடையில பெடலை வச்சேன். மேளக்காரங்க முன்னாடியே அவகிட்ட சொன்னேன்.

"இன்னைக்கு என் குரல் இந்த மண்டபத்துல கேக்கலைன்னா, இனி ஆயுசுக்கும் மைக்கைத் தொட மாட்டேன். நீ என் ஃபேடர்ல கை வைக்கப்படாது."

"சரிங்க" அப்படின்னா. கல்யாணமான இந்தப் பதினாறு வருசத்துல அவ 'சரிங்க'ன்னு சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அப்பவே உஷாராயிருக்கணும்.

பாடினேன். மிதிச்சேன். பாடுறவனுக்குத் தன் குரல் கேக்கணும்னு காலடியில ஒரு பெட்டி வச்சிருப்போம்லா, அது அதிருது. அபிதான்னு ஒரு பிள்ளை என்கூட ஜோடிப்பாட்டு பாடுவா, அவளையே அமுக்கிட்டேன். ஒருத்தன் எந்திரிக்கல. கை தட்டுதாங்க. செல்வியைப் பாத்து இன்னும் ஒரு மிதி மிதிச்சேன். அவ சிரிச்சா.

முடிஞ்சதும் பந்தியில உக்காந்தேன். பக்கத்து இலையில என்கூடப் படிச்ச கோமதிநாயகம்.

"என்ன வே, தொண்டை கட்டிருச்சா?"

"எனக்கா? ஏன்?"

"வாயை மட்டும் அசைச்சீரே. அந்தப் பிள்ளைதான் பாவம், ஒத்தையில பாடிச் சமாளிச்சா."

ரசத்தை அப்படியே விட்டுட்டு எந்திரிச்சேன். எச்சிக்கையோட மிக்ஸர்கிட்ட போய் நின்னேன்.

"ஏட்டி, ஃபேடர்ல கை வச்சியா?"

"வைக்கலைங்க. மண்டபத்துக்கு உங்க ஃபேடரை முதல்லயே அடியில வச்சிட்டேன். பெறகு எதுக்குத் தொடணும்?"

"அப்ப பெடலு?"

"அதை உங்க காலடிப் பெட்டிக்குத் திருப்பி விட்டேன். நீங்க மிதிக்க மிதிக்க அதுதான் ஏறிச்சு. நீங்களும் சந்தோசமாப் பாடுனிய, சனமும் சந்தோசமா இருந்துச்சு."

ரெண்டு மணி நேரம் என் காலுக்கு நானே கச்சேரி பண்ணியிருக்கேன்.

"நான் உனக்குப் புருஷனா, மேடைக்கு வச்ச பொம்மையா?"

"மண்டபத்துல கேக்கலைன்னா மைக்கைத் தொட மாட்டேன்னு சொன்னிய."

"தொட மாட்டேன். சொன்னா சொன்னதுதான்."

ரோஷத்துல மைக்கை அவ முன்னால வச்சேன். வச்ச கையை எடுக்கத்தான் மனசு வரல. பாட்டு இல்லைன்னா நான் வெறும் வயர் இழுக்கிறவன்.

அப்பத்தான் பொண்ணோட அப்பா வந்தாரு. வந்து என் எச்சிக்கையையே பிடிச்சிக்கிட்டாரு.

"அண்ணாச்சி, உங்க கச்சேரி எத்தனையோ கேட்டிருக்கேன். இன்னைக்கு மாதிரி அருமையா அமைஞ்சதே இல்ல. தை மாசம் சின்னவளுக்குக் கல்யாணம். நீங்கதான் பாடணும். அச்சு அசல் இதே மாதிரி."

முடியாதுன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய் அசைஞ்சுது, சத்தம் வரல. செல்வி அந்த மைக்கை எடுத்து என் கையில வச்சா.

"பாடுவாவ அண்ணாச்சி. பெடலையும் மறக்காம எடுத்தாரோம்."