சொந்த ஆட்டத்தைக் காப்பாற்றிய வரலாறு

விளையாட்டு என்பது விளையாட்டுக் காரியம் அல்ல என்பதை அயர்லாந்திலேயே முதன்முதலாகக் கண்டறிந்த பெருமை அந்தச் சின்ன மாவட்டத்துக்கே உரியது. மற்ற மாவட்டங்களுக்குக் கோப்பை ஜெயிக்கவே நேரம் சரியாக இருக்கும். இவர்களுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. அயர்லாந்தின் சொந்த ஆட்டமான கேலிக் கால்பந்து அங்கே வந்த நாள்தொட்டு, மாகாணப் போட்டியின் முதல் சுற்றில் தோற்று, மாலை பால் கறக்கிற நேரத்துக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார்கள். ஆகவே கைவசம் மிச்சமிருந்த வீரத்தையெல்லாம் விதிமுறைகளில் காட்டினார்கள்.

விதிகளில் தலையாயது ஒன்று உண்டு. நம்மாட்டம் ஆடுகிற எவனும் அந்நியனான இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த சாக்கர் ஆட்டத்தை ஆடக் கூடாது. மற்றவர்கள் ஆடுவதை நின்று பார்க்கவும் கூடாது. நம்மாட்டத்தில் பந்தைக் கையால் பிடிக்கலாம், வேற்றாட்டத்தில் பிடிக்கக் கூடாது. தேசத்தின் சுதந்திரமே இந்த ஒரு வித்தியாசத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது மாவட்டக் கழகத் தலைவர் ஃபாதர் டொர்கனின் தீர்மானமான கருத்து. யார் யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பதைப் போய்ப் பார்ப்பதற்காகக் கழகம் ஒரு கண்காணிப்புக் குழுவையும் வைத்திருந்தது.

அந்தக் குழுவில் ஓர் இடம் காலியானது. முன்பு இருந்தவர் ஒருநாள் மதுக்கடையில் நாலு பேருக்குச் சாக்கரின் ஆஃப்சைடு விதியை விளக்கிவிட்டார். விளக்கம் தெள்ளத்தெளிவாக இருந்ததுதான் வினை. கடமைக்குப் பார்க்கிறவனுக்கு அது விளங்கியிருக்க நியாயமில்லை, ஆகவே ஆசாமி ரசித்துப் பார்த்திருக்கிறான் என்று முடிவுகட்டி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இடத்துக்குத்தான் ட்ரம்கீல் ஊரின் தபால்காரர் ஃபில் ஷிவ்னனைக் கூப்பிட்டார்கள்.

ஃபில் ட்ரம்கீல் அணியின் கோல்கீப்பர். வயது நாற்பதைத் தொடுகிறது. வலது முழங்கால் மழைக்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடும். அப்பா கல்யாணம் ஆகாத வாலிபனாக இருந்த காலத்துக்குப் பிறகு ட்ரம்கீல் இந்த வருஷம்தான் மாவட்ட இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது. எதிரணி கில்லாரா. இன்னும் ஒரே ஒரு வாரம். ஒரு தடவையாவது ஊர் முழுக்கப் பார்க்க, இறுதிப் போட்டியில் அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நிற்க வேண்டும். அதற்கு மேல் அந்த மனுஷனுக்கு இந்த உலகத்திடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

"என்னை விட்டுடுங்க ஃபாதர், ஃபைனல் இருக்கு" என்று கெஞ்சினார் ஃபில்.

"ஃபைனல் இருக்கறதாலதான்பா உன்னைக் கூப்பிடறோம். தப்புப் பண்ண பயப்படறவன்தான் இந்த வேலைக்கு லாயக்கு" என்றார் ஃபாதர் டொர்கன்.

கழகச் செயலாளர் ஹெஸ்லின் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கூட்டத்தைப் பார்க்கலாம். ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது. கோல் விழுந்து எல்லாரும் கத்தினா, நீ கத்தறவன் மூஞ்சியைப் பார்க்கணும். புரிஞ்சுதா?"

"பந்து என் மேல வந்து விழுந்தா?"

"கண்ணை மூடிக்கோ."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபில் மச்சான் தொப்பியை இரவல் வாங்கிக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு புறப்பட்டார். மாட்டுச்சந்தைக்குப் பின்னால் ரயில்வேக்காரர்களின் மைதானம். வேடிக்கை பார்க்க இருபது பேரும் ஒரு நாயும் வந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். அங்கே, அதேபோல் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கில்லாராவின் முரட்டு ஆட்டக்காரன் கஸ்ஸி மக்பார்ட்லின் நின்றிருந்தான். கஸ்ஸியின் உதை பட்ட பந்தைப் பிடித்துவிட்டு இரண்டு நாள் தபால் பையைத் தூக்க முடியாமல் போன அனுபவம் ஃபில்லுக்கு உண்டு.

"மாட்டுனியாடா! உனக்கு ஆறு மாசம் தடை. ஃபைனலை மறந்துடு!" என்றார் ஃபில், சந்தோஷம் தாங்காமல்.

"அண்ணே, நான் கில்லாராவுக்கான கண்காணிப்பு. முந்தாநாள்தான் போட்டாங்க. மாட்டுனது நீங்க."

"நானும் கண்காணிப்புதான்டா."

"அப்ப நீங்க என்னைப் பாருங்க, நான் உங்களைப் பார்க்கறேன்."

அப்படியே பார்த்தார்கள். கல்யாணமான புதிதில் பெண்டாட்டி ஊனாவைக்கூட ஃபில் அவ்வளவு நேரம் கண் கொட்டாமல் பார்த்ததில்லை. மழை பெய்தது, விட்டது, மறுபடி பெய்தது. கடைசியில் ரயில்வே அணி கோல் அடித்தது. கூட்டம் "ஆ!" என்றது. இரண்டு தலைகளும் படக்கென்று திரும்பின.

புதன்கிழமை கழகக் கூட்டத்தில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் புகார் கொடுத்தார்கள்.

"அவர்தான் முதல்ல திரும்பினார்" என்றான் கஸ்ஸி.

"நான் திரும்பினது உனக்கு எப்படித் தெரியும்? நீ முன்னாடியே திரும்பிட்டியே!" என்றார் ஃபில்.

"திரும்பியிருந்தா நீங்க திரும்பினதை நான் எப்படிப் பார்த்திருப்பேன்?"

இப்படி ஒரு சிக்கல் கழக வரலாற்றிலேயே வந்ததில்லை என்று ஹெஸ்லின் வாத்தியார் பரவசத்தோடு தெரிவித்தார். கோல் விழும்போது தலை திரும்புவது மனித சுபாவமா, தேசத்துரோகமா என்பதை நேரில் ஆராயாமல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல என்று ஃபாதர் டொர்கன் கருதினார். எனவே இறுதிப் போட்டி ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. வருகிற ஞாயிறு, கழகத்தின் நிர்வாகக் குழு முழுமையும் மாட்டுச்சந்தைக்குப் பின்னால் சென்று, முதுகைக் காட்டி நின்று, பரிசோதனை செய்வதெனத் தீர்மானம் நிறைவேறியது.

சேதி பரவியது. நிர்வாகக் குழு போகிறதென்றால் அதிலே கில்லாரா ஆட்கள் இருப்பார்களே, அவர்கள் திரும்புகிறார்களா என்று பார்க்க ட்ரம்கீல் ஆட்டக்காரர்கள் போக முடிவெடுத்தார்கள். ட்ரம்கீல்காரர்கள் போகிறார்களாமே, பிடித்துக்கொடுத்தால் ஃபைனல் நமக்குத்தான் என்று கில்லாரா அணி கிளம்பியது. அணி போனால் நடுவர் சும்மா இருப்பாரா, அவரும் போனார். புருஷன்மார் எங்கே போகிறார்கள் என்று பார்க்கப் பெண்டாட்டிமார் போனார்கள். ஆட்களை ஏற்றிவந்த பஸ்ஸின் டிரைவரும், இறக்கிவிட்ட கையோடு, கடமையுணர்ச்சியால் உந்தப்பட்டு உள்ளே நுழைந்தார். நாற்காலி போதாமல் ரயில்வேக்காரர்கள் கோயில் மண்டபத்தில் இரவல் கேட்க, ஃபாதர் டொர்கனே சாவியைக் கொடுத்து அனுப்பினார்.

ஃபில் மட்டும் போகவில்லை. போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார்.

"ஊரே போகுது, உங்களுக்கு என்ன கேடு?" என்றாள் ஊனா, தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டே.

"எனக்கு ஃபைனல் ஆடணும் தாயே. என்னை ஆளை விடு."

"அப்ப உருளைக்கிழங்கைத் தோலுரிச்சு வைங்க. நான் போய் யார் யார் வந்திருக்காங்கன்னு பார்த்துட்டு வரேன்."

மாவட்டமே மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்ற காட்சியை ரயில்வே அணி வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததாம். பாதி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு ஒரு கோல் விழுந்தது. நூற்றுக்கணக்கான தலைகள் ஒரே திருப்பாகத் திரும்பின, பிறகு திரும்பியது திரும்பியபடியே ஆட்டம் முடிகிறவரை நின்றுவிட்டன. அன்று மாலையே விசாரணை. பக்கத்தில் நின்றவனைப் பக்கத்தில் நின்றவன் காட்டிக்கொடுத்தான். ஃபாதர் டொர்கனை ஹெஸ்லின் வாத்தியார் கண்ணீர் மல்கக் காட்டிக்கொடுத்தார், வாத்தியாரை ஃபாதர் மகிழ்ச்சியோடு காட்டிக்கொடுத்தார். இரவு கவிவதற்குள் மாவட்டத்தில் ஆட்டக்காரர், நடுவர், நிர்வாகி அத்தனை பேருக்கும் ஆறு மாதத் தடை விதிக்கப்பட்டது. விதி இத்தனை பரிபூரணமாக அமலான மாவட்டம் அயர்லாந்தில் வேறில்லை.

ஃபில் ஓடினார் ஃபாதர் வீட்டுக்கு.

"ஃபாதர், வர்ற ஞாயிறு ஃபைனல்! யாரை வெச்சு ஆடறது?"

"தடையை நீக்கணும்னா கழகம் கூடணும். தடையில்லாத உறுப்பினர் நீ ஒருத்தன்தான். நீ தீர்மானம் கொண்டு வா."

"கொண்டு வந்துட்டேன். எல்லாரையும் விடுங்க!"

"யாரு வழிமொழியறது?"

"நீங்க மொழியுங்களேன்."

"நான் தடை செய்யப்பட்டவன்பா. தடை செய்யப்பட்டவன் பேச்சு சபை ஏறாது. சாட்சியும் சொல்ல முடியாது, வழியும் மொழிய முடியாது. கஸ்ஸி உன்மேல கொடுத்த புகார் விழுந்துபோனதும் அதனாலதான். இப்ப உன்கிட்ட பேசிக்கிட்டிருக்கறதே எந்த அளவுக்குச் செல்லும்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

ஃபில்லுக்கு அழுகை வந்தது. தெருவில் நின்று, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, உண்மையாகவே அழுதார். தப்புப் பண்ணாமல் இருந்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனை கிடைக்கும் என்று அவர் எண்ணவே இல்லை.

இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஜெர்சியை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். எவனாவது வராமலா போய்விடுவான் என்று ஒரு நப்பாசை. கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றார். எதிரே நாலைந்து செம்மறியாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. முழங்கால் விண் விண்ணென்று தெறித்தது. அப்போது மாட்டுச்சந்தைப் பக்கமிருந்து ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தடை செய்யப்பட்டவன் நம்மாட்டத்தின் பக்கம் தலைகாட்டக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மனுஷன் வேறு எங்கேதான் போவான்? தடைக்கு மேல் தடை போட விதியில் இடமுமில்லை.

"அடப் பாவிகளா!" என்று கத்திக்கொண்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கும் உத்தேசத்தோடு ஃபில் ஜெர்சியும் பூட்ஸுமாக அங்கே போய்ச் சேர்ந்தார். உள்ளே நுழைந்த நேரம் பார்த்து, ரயில்வே அணியின் கோல்கீப்பரை இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். கம்பத்தில் மோதித் தோள் இறங்கிவிட்டது. எதிர்த்து ஆடிய வங்கிக் குமாஸ்தாக்கள் அணிக்கு ஒரு பெனால்டி, முடிய இரண்டே நிமிஷம், ஆட்டம் சமநிலை.

"யாராவது கோல்கீப்பர் இருக்கீங்களா?" என்று கத்தினான் ரயில்வே கேப்டன்.

மாவட்டமே ஃபில்லைத் திரும்பிப் பார்த்தது.

"போங்கண்ணே" என்றான் கஸ்ஸி மக்பார்ட்லின். அவன் குரலில் கேலி இல்லை.

"போய்த் தொலைங்களேன், அதான் டிரெஸ் போட்டுட்டுத்தானே வந்திருக்கீங்க!" என்றாள் ஊனா.

ஃபில் ஃபாதர் டொர்கனைப் பார்த்தார். ஃபாதர் வானத்தை அண்ணாந்து மேகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கையால்தானே தொடப்போகிறோம், கையால் தொட்டால் அது நம்மாட்டம்தானே என்று ஃபில் மனசுக்குள் ஒரு தீர்மானம் கொண்டுவந்து, தானே வழிமொழிந்து, உள்ளே போனார்.

குமாஸ்தா ஓடிவந்து அடித்தான். ஃபில் இடது பக்கம் பாய்ந்தார். பந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் சந்தை மாடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின. இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து அவரைத் தோளில் தூக்கினார்கள். மேலே உட்கார்ந்திருந்தவர் ஊரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வாழ்க்கையில் இந்த ஒன்றைத்தானே கேட்டோம், இங்கே கிடைக்கும் என்று யார் கண்டது என்று நினைத்துக்கொண்டார்.

மாகாணத் தலைமைக்கு யாரோ மொட்டைக்கடுதாசி போட்டார்கள். விளக்கம் கேட்டு வந்தது. ஹெஸ்லின் வாத்தியார் மிக முறையாகப் பதில் அனுப்பினார்: அந்த இடத்தில் இருந்த அத்தனை பேரும் தடை செய்யப்பட்டவர்கள், அவர்கள் சாட்சியம் செல்லாது, சாட்சியமில்லாத சம்பவம் நிகழ்ந்ததாகக் கழகம் கருதுவதில்லை.

இறுதிப் போட்டி நடக்கவே இல்லை. அடுத்த வருஷம் ட்ரம்கீல் முதல் சுற்றிலேயே தோற்றது. ஃபில்லின் முழங்கால் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டிருந்தது. ஆனால் தடைக்காலம் முடிந்ததும் கழகம் முதல் வேலையாக ஒரு விருந்து வைத்து, மாவட்டத்தின் நம்மாட்ட வரலாற்றிலேயே அப்பழுக்கற்ற ஒரே உறுப்பினருக்குத் தங்க மெடல் அறிவித்தது. மண்டபம் நிரம்பி வழிந்தது.

"வாழ்நாளில் ஒரு தடவைகூட வேற்றாட்டத்தின் பக்கம் முகத்தைத் திருப்பாத உத்தமர்!" என்று முழங்கினார் ஃபாதர் டொர்கன்.

கைதட்டல் நிற்கவே இல்லை. இரண்டு ஊர்க்காரர்களும் எழுந்து நின்று, மேஜையைக் குத்தி, விசிலடித்தார்கள். உத்தமத்துக்கு எவனும் அப்படிக் கைதட்டமாட்டான். ஃபில் தலையைக் குனிந்துகொண்டார்.

மெடலைக் கோட்டில் குத்தும் சாக்கில் ஃபாதர் அவர் காதருகே வாயைக் கொண்டுவந்தார். "அது சரிப்பா, அவன் இடது பக்கம்தான் அடிப்பான்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

ஃபில் நிமிர்ந்து, ஒன்றும் தெரியாத முகத்தோடு அவரைப் பார்த்தார்.

"எவன், ஃபாதர்?"