மெயின் சுவிட்சுக்கு ஒரு மாலை

சனிக்கிழமை ஆகிவிட்டால் குலசேகரத்துக்கு அப்பால் ரப்பர் தோட்டத்துக்குள் போகிற மண்பாதையில் கால் வைக்க இடம் இருக்காது. வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். ஒன்றுகூட ஓடி வந்ததில்லை, எல்லாம் தள்ளி வந்தவை. மெக்கானிக் கைவிட்ட வண்டிக்கெல்லாம் பொன்னையன் ஆசான்தான் கதி. வண்டிக்குள் புகுந்த பேயை இழுத்து வெளியே போடுகிறவர். ஆரல்வாய்மொழியிலிருந்துகூட டெம்போவில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசானிடம் மத வேற்றுமை கிடையாது. திருநீறு பூசியவர், சிலுவை போட்டவர், தொப்பி வைத்தவர், எல்லாருக்கும் ஒரே மொட்டைதான். பணத்தைக் கையால் தொடமாட்டார், பரிசுத்தமானவர். அதற்கென்று ஒரு வாழைத்தண்டில் கியூஆர் கோடு ஒட்டியிருக்கும். காணிக்கை விழுந்ததும் பக்கத்துப் பெட்டி தொகையைச் சத்தமாகச் சொல்லும். அதையும் அசரீரி என்று நினைத்துக் கும்பிட்டவர்கள் உண்டு.

செய்முறை எளிது. தோட்டத்து ஓரத்தில் ஒரு பழைய புகைக்கூடம். ஒரு காலத்தில் ரப்பர் ஷீட் உலர்த்திய கட்டடம், சன்னல் கிடையாது. காலையில் வண்டியை உள்ளே உருட்டி, சிவப்புப் பட்டுத் துணியைப் போர்த்தி, கதவை அடைத்துக்கொள்வார் ஆசான். அந்தி வரைக்கும் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் பேய் பார்த்தவனுடைய வண்டிக்குத் தாவிவிடும். கொஞ்ச நேரத்தில் உள்ளே முனகல் கேட்கும். ம்ம்ம்ம் என்று, மூச்சே விடாத முனகல். பேய்க்கு ஏது மூச்சு? அப்புறம் மூக்கைக் கரிக்கிற ஒரு புளிச்ச நாற்றம் வரும். பேய் இறங்குகிறது என்று ஜனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அந்தியில் கதவு திறக்கும். ஒரே உதையில் வண்டி உறுமும். ஹெட்லைட் கண்ணைப் பறிக்கும்.

சில நாள் ஓடிவிட்டு மறுபடி படுத்துவிடும். அதிலும் ஆசானுக்குத்தான் பெருமை. ஆசான் விரட்டியும் திரும்பி வருகிறதென்றால் எப்பேர்ப்பட்ட பேயாக இருக்கும்!

புகைக்கூடத்தின் வெளிச்சுவரில் ஒரு மெயின் சுவிட்ச் பெட்டி உண்டு. பக்தி முற்றிய யாரோ ஒருநாள் அதற்கும் சந்தனம் வைத்துவிட்டார். மறுவாரம் மாலை விழுந்தது. ஆசான் தடுக்கவில்லை. தொட்டால் கண் அவிந்துபோகும் என்று மட்டும் சொல்லிவைத்தார்.

இந்தக் கூட்டத்தில் அன்று அழுகையை விழுங்கிக்கொண்டு நின்றவள் ரெனிஷா. திருவட்டாற்றுக்காரி, ஷிபுவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். உள்ளே படுத்திருந்தது ஷிபுவின் வண்டி. பழைய வண்டி, ஆனால் கல்யாணம் வரைக்கும் குதிரையாக ஓடியது. அவள் வீட்டுக்குள் கால் வைத்த வாரமே ஹாரன் பூனைக்குட்டி மாதிரி முனகியது. இண்டிகேட்டர் கண்ணை மூடியது. அப்புறம் நடுரோட்டில் இன்ஜினே நின்றது. ஷிபுவின் கூட்டாளி எபிசன், ஜங்ஷனில் மெக்கானிக், புது பேட்டரி போட்டான். செத்தது. இன்னொன்று போட்டான். அதுவும் செத்தது. "மக்கா, இது எனக்க கையில நிக்காது" என்று வோல்ட் அளக்கிற மீட்டரைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டான்.

ஷிபுவின் அம்மா தங்கபாய் ஆசானிடம் ஓடினாள். ஆசான் வண்டியைப் பார்த்தார். பின்னால் நின்ற ரெனிஷாவின் கழுத்தில் மின்னிய புதுத் தாலியையும் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள புதுசா வந்தது என்னது?"

"மருமவ."

"அவளுக்க கூடயாக்கும் வந்திருக்கு."

இரண்டு முறை விரட்டினார். இரண்டு முறையும் திரும்பி வந்தது. இன்று மூன்றாம் முறை, இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார். பேய் போய்விடும், ஆனால் பெண்ணும் போக வேண்டும். அந்தியில் வண்டி கிளம்பினதும் அவளை இங்கிருந்தே பஸ் ஏற்றிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். திரும்ப அழைப்பதற்கு ஆசான் நாள் குறிப்பார். எப்போது என்று கேட்டதற்கு மேலே பார்த்தார்.

தங்கபாய் கையில் ரெனிஷாவின் துணிப்பை இருந்தது. அவளே மடித்து, அவளே அடுக்கி, அவளே தூக்கி வந்தது. மாமியாருக்கு மருமகள்மேல் அவ்வளவு பாசம்.

"நீங்க ஒண்ணும் பறையமாட்டீங்களா?" என்று ரெனிஷா புருஷனைக் கேட்டாள்.

ஷிபு செருப்பைப் பார்த்தான். "அம்மைக்க மனசுக்கு ஒரு சமாதானம் வரட்டும் ஏட்டி. கொஞ்ச நாளு போய் நில்லு."

 ஒரு வண்டி ஓடாததற்கு ஒரு பெண்ணை வீட்டைவிட்டு அனுப்புவார்களா? அனுப்புவார்கள் போலிருக்கிறது. அதற்குப் பையும் தயார்.

எதிரே மைதீன் பிச்சையின் டீக்கடை. வெயில் தாங்காமல் அவள் அதன் ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். புகைக்கூடத்தில் பேய் முனகிக்கொண்டிருந்தது.

திடீரென்று ஃபேன் நின்றது. முனகலும் நின்றது.

"பேய் ஓஞ்சுது!" என்று கூட்டம் கைதட்டியது.

"கரண்டு போச்சு சவம்" என்றார் மைதீன் பிச்சை.

டீ ஆறுவதற்குள் ஃபேன் சுற்றத் தொடங்கியது. அந்த நொடியே, ம்ம்ம்ம். ரெனிஷா கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டாள்.

"காக்கா, நாங்க மொத தடவ வந்தப்ப ஆசான் மௌனவிரதம்னு திருப்பி அனுப்புனாரே. அந்த விரதம் எந்த நாளு வரும்?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டாள்.

"மாசம் ஒரு நாளு கரண்டு நிறுத்துவாங்கல்லா, லைனு வேலைன்னு பேப்பர்ல போட்டு? அன்னைக்கு அவருக்கு மௌனமாக்கும். எனக்கும் அன்னைக்கு ஐஸ் கிடையாது."

அவ்வளவுதான் விஷயம். ஊரே காதால் கேட்டது. ஒருத்திதான் மண்டையால் கேட்டாள்.

அவள் எழுந்து நேராகப் புகைக்கூடத்துச் சுவருக்குப் போனாள். மாலையை ஒதுக்கினாள். "கண்ணு அவிஞ்சு போவும் பிள்ளே!" என்று நாலுபேர் கத்தினார்கள். வீட்டை விட்டே போகப் போகிறவளுக்கு இதில் என்ன பயம்?

"எல்லாரும் நல்லா கேளுங்க. நான் சொன்னா பேய் கேக்கும். பேயே, சும்மா இரி!"

கைப்பிடியை இறக்கினாள். முனகல் நின்றது. டீக்கடை ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"பேயே, அழு!"

ஏற்றினாள். ம்ம்ம்ம்.

கூட்டம் வாயைப் பிளந்தது. "எம்மா, ஒரு பிராவசியம் நான் இறக்கட்டா?" என்று ஒரு கிழவர் ஒரு தடவைக்கு அனுமதி கேட்டார். அவர் சொன்னதையும் பேய் கேட்டது. பின்னாலேயே ஒரு சின்ன வரிசை உருவாகிவிட்டது, வரிசை போடாமல் நம்மால் எதுவும் செய்ய முடியாதல்லவா? ஒருவர் கைப்பிடியை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, பேயைக் கிட்டத்தட்டத் தாளம் போட வைத்தார்.

கடைசியில் உள்ளேயிருந்து ஆசானின் குரல் வெடித்தது.

"எவம்லே அது மெயின ஆஃப் பண்ணுதது?"

கைப்பிடியைப் பிடித்திருந்தவர் அதை ஏற்றிவிட்டு ஒதுங்கினார்.

"ஆசானே, பேய விரட்டதுக்கு மெயின் என்னத்துக்கு?" என்றாள் ரெனிஷா.

 வண்டியைத் தள்ளிக்கொண்டு கூட வந்திருந்த எபிசன், டூல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தோளால் இடித்தான். உள்ளே சிவப்புப் பட்டுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டு வயர், நுனியில் இரண்டு கிளிப், இரண்டும் பேட்டரியைக் கவ்வியிருந்தன. பேட்டரி நுரைத்துப் புளிச்ச நாற்றம் விட்டது.

"சார்ஜர்!" என்று தலையில் அடித்துக்கொண்டான் எபிசன். "எங்க கடையிலயும் ஒண்ணு கெடக்கு. அதும் இப்பிடித்தான் முனகும். எனக்கு எப்பிடித் தோணாம போச்சு?"

"பேயின்னு முடிவு பண்ணிட்டா மத்ததெல்லாம் எப்பிடித் தோணும்?" என்றாள் ரெனிஷா. "அண்ணா, ஒண்ணு சொல்லுங்க. இங்க கரண்டு ஏத்துனா வண்டி ஓடுது. அப்ப பேட்டரி நல்லதாக்கும். ரோட்டுல ஓடும்போ அதுக்கு ஆரு கரண்டு ஏத்தணும்?"

எபிசன் விழித்தான். "வண்டியே ஏத்தணும்."

"ஏத்துதா?"

அவன் சார்ஜர் கிளிப்பை உருவினான். பெட்டியிலிருந்து மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்தான். ஷிபு வண்டியை உதைத்துக் கிளப்பி, ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். பதினாலு வோல்ட்டுக்கு ஏற வேண்டிய முள் பன்னிரண்டைத் தாண்டவே மாட்டேன் என்று படுத்திருந்தது. எபிசன் வயரைத் தடவிக்கொண்டே போய், சீட்டுக்கு அடியில் இருந்த சின்ன அலுமினியப் பெட்டியைக் கழற்றினான். ரெகுலேட்டர். அது உட்கார்ந்திருந்த இடத்தில் மெரூன் பெயிண்ட் கண்ணாடியாக மின்னியது.

"இன்ஜினு உண்டாக்குற கரண்ட அளந்து பேட்டரிக்குக் குடுக்கதே இதுதான். இதுக்க முதுகு வண்டிக்க இரும்புல தொட்டு இருக்கணும். நடுவுல பெயிண்டு நிக்குது. பின்ன எங்க கரண்டு போவும்?"

ஸ்க்ரூடிரைவரால் இரும்பு தெரியச் சுரண்டி, திரும்ப முறுக்கினான். ஷிபு ஆக்ஸிலேட்டரைத் திருகினான். முள் பதினாலுக்கு ஏறி, அங்கேயே நின்றது. மந்திரம் இல்லை, பட்டு இல்லை.

"வண்டிக்கு எப்ப பெயிண்டு அடிச்சது?" என்று ரெனிஷா கேட்டாள்.

"கல்யாணத்துக்கு" என்றான் ஷிபு.

"கல்யாணத்துக்கு மெரூன் அடிக்கணும்னு ஆரு சொன்னது?"

ஷிபு அம்மாவைப் பார்த்தான். தங்கபாய் துணிப்பையைப் பார்த்தாள்.

"அப்ப பேய் எனக்க கூட வரல்ல மாமி. உங்க பெயிண்டு டப்பாவுலயாக்கும் வந்திருக்கு."

தங்கபாய் பையை மருமகள் பக்கம் நீட்டினாள். ரெனிஷா வாங்கவில்லை.

"நீங்க தூக்கிட்டு வந்தது. வீடு வரைக்கும் நீங்களே தூக்குங்க."

"நான் தூக்குதேன்" என்று ஷிபு கை நீட்டினான்.

"உங்களுக்குச் சொமக்கதுக்கு வேற இருக்கு. வீட்டுக்கு வாங்க, பறையுதேன்."

எல்லாரும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆசான் கதவு வழியே நழுவி, ரப்பர் மரங்களுக்கு நடுவில் மறைந்துவிட்டார். பேயை விரட்டியவர் ஓடுகிற வேகத்தை அன்றுதான் ஜனம் பார்த்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனவர்களிடம் வாழைத்தண்டு மட்டும் சிக்கியது.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் வரிசையில் நின்ற ஒருவர், வேட்டி சட்டையில் மடிப்புக் கலையாத பெரிய மனுஷர், மெயின் சுவிட்சிலிருந்து மாலையை எடுத்துக்கொண்டு பணிவோடு ரெனிஷாவிடம் வந்தார்.

"ஒனக்க ஒரு சொல்லுக்கு பேயே அடங்குதே பிள்ளே. எனக்க வண்டியையும் ஒண்ணு தொட்டுட்டுப் போ."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. சிலர் ஏற்கெனவே கைகூப்பியிருந்தார்கள்.

ரெனிஷா மாலையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இத உங்க மூளைக்குப் போடுங்க பெரியவரே. உயிரு இருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டுப் போடுங்க."