மஞ்சள் பூசிய சிவி

லண்டன் மோர்டனில் ஒரு புடவைக் கடையின் மாடிக்கு ஏறும் படிக்கட்டில், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கால் வைக்க இடம் இருக்காது. வேலை இழந்தவர்கள், வேலை கிடைக்காதவர்கள், கிடைத்த வேலை பிடிக்காதவர்கள் எல்லோரும் கையில் சிவி என்னும் தன்விவரத் தாளோடு நிற்பார்கள். மேலே அமர்ந்திருப்பவர் உத்தியோகச் சித்தர். காணிக்கையை வாங்கிக்கொண்டு, சிவியின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, விண்ணப்பத்தை எந்த நாள், எந்த நேரம் அனுப்ப வேண்டும் என்று குறித்துக் கொடுப்பார். கிங்ஸ்பரியில் ஒருவருக்கு மஞ்சள் காய்வதற்குள் வங்கியில் வேலை கிடைத்ததாம். அந்த ஒருவரை யாரும் பார்த்ததில்லை. பார்த்தவரைத் தெரிந்தவர்கள் ஏராளம்.

பக்தர்கள் மஞ்சள் தாளை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினார்கள். கறை படிந்த சிவியைத் திறந்த மேலாளர்கள் என்ன நினைத்தார்கள் என்பது சித்தரின் ஏட்டில் இல்லை.

மாதங்கியும் அந்தப் படிக்கட்டில் நின்றவள்தான். மூக்குக் கண்ணாடி லென்ஸ்களில் குறை இருக்கிறதா என்று சோதிக்கும் வேலையைப் பதினொரு ஆண்டுகள் பார்த்தவள். கம்பனி ஆட்குறைப்புச் செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ‘வருந்துகிறோம்’ என்று வந்த மின்னஞ்சல்கள் நூறைத் தாண்டியபோது, லப்டொப்பைத் திறக்கவே அவளுக்குக் கை வரவில்லை. காலையில் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, கோட்டைக் கழற்றாமலே சோபாவில் மதியம் வரை உட்கார்ந்திருப்பாள்.

சித்தர் அவளைக் கண்டதும் கண்ணை மூடினார்.

"கண்ணாடி தெரியுது. பதினொரு வருசம். ஒரு பாலத்துக்குக் கிட்ட. மேலதிகாரி மா... மாட்டின்."

மாதங்கி அங்கேயே அழுதுவிட்டாள். ஏழு மாதமாக அவளுடைய சிவியை ஒருவரும் வாசித்ததாகத் தெரியவில்லை. இவர் வாசிக்காமலே சொல்கிறார்.

"பதினேழாம் திகதி வரும்வரை ஒண்டும் அனுப்பாதையும், பிள்ளை," என்றார் சித்தர்.

ஸ்ட்ரெதமில் ஒரு கண் கிளினிக்கில், அவளுக்கென்றே செய்தது போல ஒரு வேலை வந்திருந்தது. கடைசி நாள் பதினைந்தாம் திகதி. மாதங்கி பதினேழாம் திகதி சுபவேளையில் கணினியைத் திறந்தாள். விளம்பரத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். கிரகங்கள் நேரத்துக்கு வந்து சேர்ந்தன. வேலைதான் காத்திருக்கவில்லை.

பல் வைத்தியரின் வரவேற்பறையில் வேலை செய்யும் சினேகிதி பிறின்சி இதைக் கேட்டுத் தேநீரைக் கீழே வைத்தாள்.

"பதினைஞ்சோட முடியுதெண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியும். ஆனா அவர் என்ர மானேஜரின்ர பேரையே சொன்னவர், பிறின்சி."

வேலை தேடுவோர் தங்கள் விவரங்களை ஊரறியப் போட்டு வைக்கும் லிங்க்டின் தளத்தில், மாதங்கியின் பக்கத்தைப் பிறின்சி போனில் திறந்து நீட்டினாள். லென்ஸ், பதினொரு வருடம், லண்டன் பிரிட்ஜ், மாட்டின் எழுதிய பாராட்டு. சித்தர் சொன்னதில் ஒன்றும் குறையவில்லை.

"சித்தரைப் பாக்க புக் பண்ணேக்க முழுப்பேர் கேட்டவையோ?"

"ஓம், நட்சத்திரம் பாக்க."

"நட்சத்திரத்துக்குப் பிறந்த திகதியெல்லே வேணும்?"

மாதங்கிக்கு மனம் ஒப்பவில்லை. ஏமாந்தோம் என்று நம்புவதைவிடச் சித்தரை நம்புவது சுலபமாக இருந்தது.

"சரி, சோதிச்சுப் பாப்பம்," என்றாள் பிறின்சி. தன் லிங்க்டின் பக்கத்தில் இருந்ததை அழித்து, ஸ்கொட்லாந்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை செய்ததாகவும், மேலாளர் பெயர் கிரஹாம் என்றும் எழுதினாள். பிறகு தன் முழுப்பெயரில் புக் செய்தாள்.

சனிக்கிழமை இருவரும் போனார்கள். கதவு வரை கூட்டம். சித்தர் கண்ணை மூடினார்.

"குளிர் தெரியுது. வடக்குப் பக்கம். கடல்." மூக்கைச் சுருக்கினார். "மீன் மணக்குது. ஒன்பது வருசம். கிரஹாம் எண்டொரு வெள்ளைக்காரன் உம்மைப் படாத பாடு படுத்தியிருக்கிறான்."

கூட்டம் கைகூப்பியது. மாதங்கிக்கு மட்டும் காது சூடேறியது.

"சுவாமி, நான் ஒரு நாளும் ஸ்கொட்லாந்துப் பக்கம் போகேல்லை," என்றாள் பிறின்சி. "உந்தக் கிரஹாமை முந்தநாள்தான் நான் போனில உண்டாக்கினனான்." போனை வரிசையில் நின்றவர்களிடம் கொடுத்தாள். அது கை மாறிக் கை மாறிப் படிக்கட்டு வரை போனது.

சித்தர் கண்ணைத் திறக்கவில்லை. "நான் சொன்னது போன பிறவி."

"போன பிறவியிலயும் லிங்க்டின் இருந்ததோ?" என்று யாரோ கேட்டார்கள். படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. சித்தருக்குத் திடீரென்று தியானம் வந்துவிட்டது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாதங்கிக்குச் சிரிப்பு வரவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இராஜேந்திரன் என்ற ஐம்பது வயதுக்காரர், மூன்று முறை மஞ்சள் பூசிய சிவியைப் பிடித்தபடி இருந்தார். அவள் அதை வாங்கினாள். பதினொரு வருடம் குறை தேடிப் பழகிய கண் அல்லவா, தானாகவே ஓடியது.

"அண்ணை, உங்கட போன் நம்பரில ஒரு இலக்கம் குறையுது."

அவர் வாங்கிப் பார்த்தார். விரலை வைத்து எண்ணினார். பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் பத்துத்தான் இருந்தது. "ஒன்பது மாசமா இதைத்தானே பிள்ளை அனுப்பினனான்," என்றார் மெதுவாக. "அப்ப ஆரேன் எடுத்திருப்பினமோ?"

சித்தர் மஞ்சள் தடவிய மூலைக்கு இரண்டு விரல் தள்ளித்தான் அந்த நம்பர் இருந்தது.

அடுத்த செவ்வாய் முதல், படிக்கட்டில் நின்றவர்களில் மாதங்கி, இராஜேந்திரன் உட்பட ஆறு பேர் நூலகத்தில் கூடினார்கள். ஒருவர் சிவியை மற்றவர் வாசித்தார். ஒருவர் அதிகாரியாக இருந்து கேள்வி கேட்க, மற்றவர் திக்கித் திணறிப் பதில் சொன்னார். நூறு இடத்துக்கு ஒரே கடிதத்தை வீசுவதை விட்டு, நாளுக்கு இரண்டு விண்ணப்பம் ஒழுங்காக எழுதினார்கள். மதியத்துக்கு மேல் யாரும் திரையைப் பார்க்கக் கூடாது என்பது பிறின்சி போட்ட சட்டம். மாதங்கி இப்போது வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றினாள்.

ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, நாட்காட்டிப்படி சுத்தமான இராகு காலத்தில், அவள் ஒரு விண்ணப்பம் அனுப்பினாள். ஆறு வாரத்தில் வேலையில் சேர்ந்தாள். இராஜேந்திரனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அவருடைய போன் இப்போது அடிக்கிறது.

சித்தர் ஊரை விட்டு ஓடிவிடவில்லை. வேறொரு பேட்டையில், வீடு வாங்குவோருக்கு நாள் குறித்துக் கொடுக்கிறாராம். நல்ல கூட்டமாம். போகிறவர்கள் போகட்டும். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். மூளையையும் அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள்.