பல்லக்குச் சந்து ரிவர்ஸ் அக்கா

தஞ்சாவூரில் இதுவரை பின்னோக்கி ஓடிய கார்களின் தூரத்தையெல்லாம் கூட்டினால், கன்னியாகுமரிக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். அதில் பாதிக்கு மேல் ஓட வைத்தவர் ஒரே ஒரு பெண்மணி. அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

மேல வீதியிலிருந்து பிரியும் பல்லக்குச் சந்தில் நாங்கள் ஆறு வருடம் குடியிருந்தோம். பெயரே ஓர் எச்சரிக்கை. அதில் ஒரு பல்லக்கு போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் ராஜாவே இறங்கி நடந்திருப்பார். சந்து ஆரம்பத்தில் தாராளமாகச் சிரித்துக்கொண்டு வரவேற்கும். பாதி தூரம் போனதும் முழங்கை மாதிரி மடங்கும். அந்த மடக்கில் ஒரு வீடு சுவரை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த வீட்டு வாசலில் ஓர் இஸ்திரி வண்டி. அதன் பின்னால் கரிப்பெட்டியை ஊதிக்கொண்டு ரிவர்ஸ் அக்கா.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. தபால்காரரே ரிவர்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பெரிய கோயிலுக்கு வரும் வெளியூர்க் கார்களைச் செல்போன் மேப்பு குறுக்கு வழி என்று சொல்லி எங்கள் சந்துக்குள் அனுப்பிவிடும். மடக்கில் வந்து மூக்கு முட்டியதும் டிரைவர் ஹாரன் அடிப்பார். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற உற்சாகத்தோடு வருவார்.

"மொதல்ல அந்தப் பொண்ணு வாய மூடச் சொல்லுங்க" என்பார். போனுக்குள் பேசும் பெண்ணைத்தான். அந்தப் பெண்ணுக்கும் அக்காவுக்கும் தொழில்முறைப் பகை.

அடுத்து, டிரைவரைத் தவிர எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. அக்கா குரலை மட்டும் கேட்க வேண்டும். "வரலாம் வரலாம்... லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... போதும், நேராக்கு... வரலாம்." கோயில் நாதஸ்வரத்தைத் தாண்டிக் கேட்கும் குரல் அது.

ஒரு தடவை ஒரு பெரிய மனிதர் கோபித்துக்கொண்டார். "ஏம்மா, நான் இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன்."

"எல்லாம் முன்னாடிதானே சார் ஓட்டுனீங்க?"

மனிதர் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி மேல வீதியைத் தொடுவதற்குள் நடந்து வந்த அவர் மனைவி வழியிலேயே காபி குடித்து, வளையல் வாங்கி, ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்து, எங்கள் எதிர்வீட்டு மாமியோடு சொந்தமும் கண்டுபிடித்துவிட்டார்.

இந்த உற்சாகத்துக்கு நாங்கள் சட்டைகளைப் பலி கொடுத்துக்கொண்டிருந்தோம். அக்கா ரிவர்ஸ் பார்க்கப் போகும் அவசரத்தில் சில நாள் பெட்டியை நிமிர்த்த மறந்துவிடுவார். கல்லூரிக்கு நான் போட்டுப்போகும் மூன்று சட்டைகளின் முதுகில் இஸ்திரிப் பெட்டி முத்திரை உண்டு. கரும்பலகையில் எழுதத் திரும்பும்போதெல்லாம் வகுப்பு குதூகலிக்கும்.

நான் கணக்கு வாத்தியார். திருத்துறைப்பூண்டியில் மாட்டு வண்டி நாலு சேர்ந்து திரும்புகிற வாசலில் வளர்ந்தவன். கார் வாங்கியபோது அது என் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டது இயற்கைதானே. மடக்கை டேப் வைத்து அளந்தேன். காரின் நீள அகலத்தைக் குறித்தேன். இரண்டு இரவு படம் போட்டுப் பார்த்ததில் வண்டி நாலு விரல்கடை மிச்சம் வைத்துத் திரும்பிவிடும் என்று நிரூபணமாயிற்று. மூன்றாம் நாள் ஓட்டினேன். சிக்கிக்கொண்டது.

அக்கா வந்து குனிந்து பார்த்தார். "பேப்பர்ல போச்சா சார்?"

"போச்சு அக்கா."

"அப்ப பேப்பர்லயே வீடு போய்ச் சேந்திருக்கலாம்ல."

வெளியே எடுத்துவிட்டார். ஒரு கீறல் இல்லை. கீறல் விழுந்தது என் மனதில்தான். அன்றைக்கே உட்கார்ந்து, சந்தை அகலப்படுத்தித் தர வேண்டும் என்று மனு எழுதினேன். வீடு வீடாகப் போய்ப் பதினொரு கையெழுத்து வாங்கினேன். அக்கா வீட்டை மட்டும் தாண்டி நடந்தேன். ஏன் தாண்டினேன் என்று அப்போது என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நாலு மாதம் கழித்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். நேராக மடக்கில் வந்து சிக்கினார். அக்காவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஜீப்பு அவருக்குப் புதிது. ஐந்தே நிமிடத்தில் அதைப் பின்னால் கொண்டுபோய் மேல வீதியில் நிறுத்திவிட்டு, அதிகாரியோடு பேசிக்கொண்டே நடந்து வந்தார். அதிகாரி டேப்பைப் பிடித்தார். சாக்பீஸ் எடுத்து, அக்கா வீட்டுக்குள்ளேயே போய், முன்னறையின் தரையில் நீளமாக ஒரு கோடு போட்டார்.

"இதுவரைக்கும் எடுக்கணும்மா."

அக்கா கோட்டைப் பார்த்தார். கோட்டுக்குத் தெருப் பக்கம் அவருடைய கட்டிலும் துணி அலமாரியும் இருந்தன. உள்பக்கம் மிஞ்சுவது அடுப்பு மட்டும்தான்.

"யாரு கேட்டது?" என்றார்.

அதிகாரி காகிதத்தைப் பிரித்தார். அவர் படிப்பதற்குள், கூட்டத்தில் நின்ற நான், "நான்தான் அக்கா" என்றேன். கார் வாசலில் நிற்க வேண்டுமென்றுதான் நினைத்தேனே தவிர, அதற்காக ஒருவர் கட்டில் தெருவுக்கு வரும் என்று எந்தப் படத்திலும் நான் குறிக்கவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "சார் சட்டை ரெடியா இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

"சார், மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன் அதிகாரியிடம்.

"எழுதிக் குடுத்து, நாங்க வந்து அளந்தப்புறம் என்னங்க வாபஸ்? விளையாட்டா இது?"

அக்கா நிதானமாகக் கேட்டார். "இடிக்கறதுக்கு மிஷினு வரணும்ல சார்?"

"வரும்மா."

"மிஷினு உள்ள வரணும்னா சுவர இடிக்கணும். சுவர இடிக்கணும்னா மிஷினு உள்ள வரணும். எத மொதல்ல பண்ணுவீங்க?"

அதிகாரி மடக்கைப் பார்த்தார். ஜீப்பு சிக்கின இடத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "சரி, வாபஸ்னு எழுதிக் குடுங்க" என்றார். இஸ்திரி வண்டியின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதினேன். விரிப்பு கதகதவென்று இருந்தது. அதிகாரி உள்ளே போய்ச் செருப்புக் காலால் கோட்டைத் தேய்த்தார். அக்கா ஈரத்துணியால் இன்னொரு தரம் துடைத்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அடுத்த வாரம் சந்து முனையில் ஒரு பலகை வந்து நின்றது: கார்கள் நுழையக் கூடாது. எப்படியோ சேதி தெரிந்து, போனுக்குள் இருக்கும் பெண்ணும் வேறு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

கார்கள் நின்றுபோயின. சந்துக்கே கொண்டாட்டம். நானும் நடக்கப் பழகிவிட்டேன். பால் பூத், மருந்துக் கடை, காய்கறி, நூலகம் எல்லாம் நாலு எட்டில் இருக்கும்போது காரை எதற்கு வாங்கினோம் என்றுகூடத் தோன்றியது. அக்கா மட்டும் கரியைக் கிளறிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எங்கோ தூரத்தில் ஹாரன் கேட்டால் தலை நிமிரும். பிறகு குனிந்துகொள்ளும். ஒரு மாதமாக ஒரு சட்டைகூடத் தீயவில்லை.

"பாக்கவே முடியலங்க. நீங்க பண்ணுனது. நீங்களே சரி பண்ணுங்க" என்றாள் என் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மேல வீதியில் நிறுத்தியிருந்த காரை எடுத்தேன். பலகையைத் தாண்டி உள்ளே விட்டேன். மடக்கில் கச்சிதமாகக் கொண்டுபோய்ச் சிக்கவைத்து, ஹாரனை அழுத்தினேன்.

அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடி வந்தார். என்னைக் கண்டதும் இடுப்பில் கைவைத்து நின்றார். "படிச்சவங்கதானே? போர்டு கண்ணுக்குத் தெரியல?"

"தெரியல அக்கா."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியின் பின்னால் போனார். "வரலாம் வரலாம்..." என்ற குரல் கிளம்பியதும் மாடிகளில் தலைகள் முளைத்தன. யாரோ கை தட்டினார்கள். வேண்டுமென்றே இரண்டு தரம் தப்பாக ஒடித்தேன். இரண்டு தரமும் ஆசை தீரத் திட்டினார்.

மேல வீதிக்கு வந்ததும் முன்கதவைத் திறந்துவிட்டேன். "ஏறுங்க அக்கா. ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

அத்தனை கார்களைத் தொட்டவர், ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லையாம். கூச்சத்தோடு ஏறி உட்கார்ந்தார். வடக்கு வீதி, கீழ வீதி, தெற்கு வீதி என்று நாலு ராஜ வீதியையும் சுற்றிவிட்டுப் பெரிய கோயில் பக்கம் திருப்பினேன். காலை வெயிலில் விமானம் பொன்னாக நின்றது. அக்காவோ சீட்டில் முழுக்கத் திரும்பி, பின் கண்ணாடி வழியாக ரோட்டையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி பாருங்க அக்கா, கோபுரம் எவ்வளவு அழகா இருக்கு."

"நீங்க முன்னாடி பாத்து நிம்மதியா ஓட்டுங்க சார்" என்றார், திரும்பாமலே. "பின்னாடி நான் பாத்துக்கறேன்."