வானதூதர் ஒருவரா, இருவரா?

உலகத்தில் முரண்பாடு என்ற ஒன்றே கிடையாது என்று நம்பும் ஓர் இனம் இருக்கிறது. 'இணக்கி வைப்பவர்' என்று பெயர் வைத்துக்கொள்ளுங்களேன். சுவா சூ காங் வட்டாரத்து அடுக்குமாடி வீடு ஒன்றில் வெள்ளிக்கிழமை மாலை விவிலியப் பகிர்வுக்குப் போனால், வேறு யாரும் உட்காரத் துணியாத நடுச் சோபாவில் அவரைப் பார்க்கலாம். எங்கள் குழுவில் அவர் பெயர் சேவியர்.

யாராவது வாய் தவறிச் சந்தேகம் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

"ஆண்டவர் கல்லறையில மத்தேயு ஒரு வானதூதர்ங்கிறார், யோவான் ரெண்டு பேர்ங்கிறாரே அண்ணே?"

கடித்துக்கொண்டிருந்த கறிபப் பலகாரத்தைத் தட்டில் வைத்து, கையைத் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சந்தேகப்பட்ட எங்களை மனதார மன்னித்த பிறகே வாயைத் திறப்பார்.

"ரெண்டு பேர் இருந்தாங்க லா. பேசினவரை மட்டும் மத்தேயு எழுதினார். சிம்பிள்!"

சீடர்கள் கைத்தடி எடுத்துப் போகலாம் என்கிறது மாற்கு, கூடாது என்கிறதே மத்தேயு? கையில் இருப்பது போதும், புதிதாக ஒன்று தேடாதே என்று அர்த்தமாம். ஆள் கில்லாடி. எங்கள் டீ ஆறுவதற்குள் முரண்பாடு தீர்ந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவருக்கு அக்கா மகள் கல்யாணம் வந்தது. தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண் கோயிலுக்குக் கிளம்புவாள். அவர்கள் வீட்டு வழக்கம் அது. இவரோ போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஏன்? தன்னை முறையாக அழைக்கவில்லையாம். புக்கிட் மேரா வீட்டிலிருந்து நேரில் அழைக்க வந்தோம், கதவு பூட்டியிருந்தது என்றார் அக்கா. போன் பண்ணினோம், எடுக்கவில்லை என்றார் அக்காவின் கணவர்.

"வந்தேங்கிறா அவ, போன் பண்ணேங்கிறார் அவர். ஒத்துப்போகலையே? அப்ப ரெண்டும் பொய்!"

மனைவி அமலா பொறுமையாகச் சொன்னார்: "வந்து பார்த்திருப்பாங்க, பூட்டியிருக்கவும் போன் பண்ணியிருப்பாங்க. வெள்ளிக்கிழமை நீங்க சொல்ற மாதிரிதாங்க."

"அது வேதம். இது என் அக்கா!"

கல்யாணத்தன்று அக்கா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். கடைசியில் அமலாதான் பெண்ணுக்குப் போட்டார். மாமன் எங்கே என்றவர்களிடம் "காய்ச்சல்" என்றார் அமலா. "லீவு கிடைக்கல" என்றார் அக்கா. இரண்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டும் அவர் மானத்தைக் காப்பாற்றத்தான். பக்கத்தில் நின்ற நான் இரண்டுக்கும் தலையாட்டினேன்.

'அட, இது நம்ம ஆளேதான்!' என்று இதை யாருக்கோ அனுப்பப் போனை எடுத்துவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் எடுக்காமல் விட்ட அழைப்பு ஒன்று அதில் இருக்கிறது. அழைத்தவரை முதலில் திருப்பிக் கூப்பிடுங்கள்.