மாஸ்டர் வைத்த மூச்சுக்குழாய்

மேட்டில் பாதி ஏறியதும் வண்டி வழக்கம்போல் முக்க ஆரம்பித்தது.

"இன்னும் மிதிங்கம்மா" என்றார் பக்கத்து சீட்டில் இருந்த மாஸ்டர்.

"இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுல படும் மாஸ்டர்."

குடை பிடித்து நடந்துவந்த பெரியவர் ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார். போகிறபோது வண்டியின் தலையில் இருந்த 'டிரைவிங் ஸ்கூல்' பலகையை ஒரு முறை நின்று படித்தார். மாஸ்டருக்கு அதுதான் தாங்கவில்லை.

ஓட்டிக்கொண்டிருந்தவர் லாண்டரியம்மா. ஒன்பது வருஷமாக லாண்டரியில் நின்றபடியே துணி தேய்க்கிறவர். வியாழக்கிழமை டெஸ்டில் லைசென்ஸ் கிடைத்தால் லாண்டரி வேனுக்கு அவர்தான் டிரைவர். கிடைக்காவிட்டால் வெளியாளைப் போட்டுவிடுவார்கள், முழங்கால் வலியோடு மறுபடி தேய்ப்பு மேஜைதான். ஏற்கெனவே இரண்டு டெஸ்ட் தோற்றாகிவிட்டது. பயிற்சியில் நத்தையாக ஊர்கிற வண்டி, டெஸ்ட் ஆபீசர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் பேய் பிடித்ததுபோல் பாய்ந்து கம்பத்தைத் தள்ளிவிடுகிறது.

"எஞ்சினுக்குக் காத்து பத்தல. மூச்சை அடக்கி அடக்கி வெச்சு, டெஸ்ட் அன்னிக்கு மொத்தமா விடுது" என்று தீர்ப்புச் சொன்னார் மாஸ்டர்.

மெக்கானிக் அப்படிச் சொல்லவில்லை. வண்டியைத் தனியாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பறக்குது மாஸ்டர், ஒரு குறையும் இல்ல" என்று சாவியை நீட்டியிருந்தார். மாஸ்டர் ஓட்டினாலும் நன்றாகத்தான் போகும். ஆனால் அது கைராசி. கைராசி இல்லாதவர்களுக்கும் வண்டி ஓட வேண்டாமா?

சனிக்கிழமை மாஸ்டரே களத்தில் இறங்கினார். எஞ்சின் காற்று இழுக்கிற வாயில் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையில் புனலை வைத்து, வண்டியின் முகப்பில் கட்டினார். பூச்சி உள்ளே போகாமலிருக்கப் புனலுக்கு டீ வடிகட்டி.

வண்டி விசிலடித்தது. தெருமுனையில் நின்ற போலீஸ்காரர் தன் விசிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வேகம் மட்டும் பழையபடியே இருந்தது.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்.

"என்னங்க, வாஷிங் மெஷின் குழாய் எங்க?"

"வண்டியில இருக்கு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் மனைவி, துடைப்பத்தோடு.

"ஆடறது நான் இல்ல. லாண்டரியம்மா."

"கூடத்தைக் கெடுத்தது நீங்கதானே."

ஞாயிற்றுக்கிழமை விசிலை அடக்கத் தலையணைப் பஞ்சைக் குழாயில் திணித்தார். விசில் அடங்கியது. நாற்சந்தி நடுவில் எஞ்சினும் அடங்கியது. பின்னால் பதினோரு வண்டிகள் ஹாரன் அடித்தன.

"மூச்சு நல்லா விடும்னீங்க. மூச்சே நின்னுபோச்சு" என்றார் லாண்டரியம்மா.

திங்கட்கிழமை, சின்னக் குழாய்தான் சிக்கல் என்று கண்டுபிடித்துக் குளியலறைக்கு வாங்கி வைத்திருந்த பெரிய பிளாஸ்டிக் குழாயை மாட்டினார். பானெட் மூட மறுத்தது. கயிறு போட்டுக் கட்டினார். தூக்கி நின்ற பானெட் பாதி ரோட்டை மறைத்தது. விமானம் கிளம்புகிற சத்தத்தோடு வண்டி மேட்டில் ஏறியது, கிளம்பாத விமானம் மாதிரியே. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். மாஸ்டருக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"மாஸ்டர், நாளைக்கு வண்டியை மெக்கானிக்கிட்ட விடுங்க. நானும் போய் நிக்கிறேன்" என்றார் லாண்டரியம்மா. அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. மறுப்பதற்கு மாஸ்டரிடம் தெம்பு இல்லை.

செவ்வாய் மாலை மெக்கானிக் மிகுந்த மரியாதையோடு பேசினார்.

"நீங்க சொன்னதுதான் சரி மாஸ்டர். காத்துப் பிரச்சினைதான். பெரிய குழாயைக் கழட்டிட்டு பழைய குழாயையே சீட்டுக்கு அடியில பின்பக்கம் கொண்டுவந்துட்டேன். ஒருத்தர் பின்னாடி உக்காந்து, ஜன்னலுக்கு வெளிய புனலைக் காத்து வர்ற பக்கம் பிடிச்சுக்கணும். கை ஆடக் கூடாது. வேற யாரை நம்பி இதை ஒப்படைக்கிறது?"

"வேற யாரு? நான்தான்" என்றார் மாஸ்டர்.

புதன்கிழமை மாஸ்டர் பின் சீட்டில் ஏறிப் புனலை வெளியே நீட்டினார். வண்டி மேட்டில் வழுக்கிக்கொண்டு ஏறியது. முதல் இரண்டு சுற்றில் லாண்டரியம்மா மிதித்த மிதிக்கு ஒரு குப்பைத்தொட்டி பலியானது. மூன்றாவது சுற்றில் அவர் கால் பதமாகிவிட்டது. மாஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. கைதான் மரத்துப்போனது. கால் ஏனோ தரையில் எதையோ தேடித் தேடி மிதித்துக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை டெஸ்ட் ஆபீசர் முன்னால் ஏறி உட்கார்ந்து, பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"இவர் எதுக்கு?"

"வண்டி மூச்சு விடணும் சார்" என்றார் மாஸ்டர்.

ஆபீசர் மாஸ்டரையும் புனலையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டி விடட்டும். நீங்க வாயைத் திறக்காம வாங்க."

மேடு, வளைவு, பின்னால் எடுப்பது, கம்பங்களுக்கு நடுவே நிறுத்துவது. ஒரு கம்பம்கூட அசையவில்லை. ஆபீசர் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார். லாண்டரியம்மா அதை வாங்கி இரண்டு முறை படித்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

வாசலில் மெக்கானிக் காத்திருந்தார். மாஸ்டர் புனலை ஏந்தியபடியே இறங்கி வந்தார்.

"பாத்தியா? எல்லாம் குழாய் செஞ்ச வேலை. இனி நம்ம ஸ்கூல் வண்டி அத்தனைக்கும் இதை மாட்டப் போறேன்."

மெக்கானிக் லாண்டரியம்மாவைப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் என்பதுபோல் அவர் தலையாட்டினார்.

"குழாயோட அந்த முனையை நான் எதுலயுமே மாட்டல மாஸ்டர், உங்களைப் பின் சீட்டுக்கு அனுப்பினாத்தான் முன் சீட்டுல உங்க பக்கம் இருக்கிற ரெண்டாவது பிரேக்லேர்ந்து உங்க கால் எறங்கும்னு லாண்டரியம்மா சொன்னாங்க."