ஐஸ் குடித்த கார்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ கப்பல் வந்து போயிருக்கிறது. ஐஸ் காக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரரை எந்தக் கப்பலும் ஏற்றி வந்ததில்லை. குறிஞ்சாக்கேணி முஸ்லிம் ஆள்; காக்கா என்றால் அங்கே அண்ணன். துறைமுக வாசலில் வாடகைக் கார் ஓடினார். சொந்தப் பேர் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அவருடைய கார் ஏற்றத்தில் ஏறினால் சைக்கிள்காரன் முந்திப் போவான். இறக்குமதித் தடை இருந்த எழுபதுகளில் காருக்குப் புதுச் சாமான் எங்கே வந்தது? காக்கா தானே ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

"எஞ்சின் தன்ட சூட்டையே திரும்பத் திரும்ப இழுக்குது, தம்பி. குசினிக்குள்ள அடுப்புக்குப் பக்கத்தில நிண்டு உங்களுக்கு ஓட ஏலுமா?"

கதை சரிதான். செய்த வேலைதான் சரியில்லை. உடைத்த கப்பலொன்றின் காற்றுக் குழாயை வாங்கி வந்தார். அதன் வாய்க்குள் ஆளின் தலை போகும். எஞ்சின் மூடியான பொனற்றில் ஓட்டை போட்டு, எஞ்சினுக்குக் காற்று இழுக்கிற காபரேற்றரோடு பொருத்தி, முன்னால் நிமிர்த்தினார். குழாயைச் சுற்றிச் சாக்கு. சாக்குக்குள் மீன்வாடியில் மீனுக்குப் போடுகிற ஐஸ்.

கார் வேகமாகத்தான் ஓடியது. ஆனால் ஏறினவன் எல்லாம் சூரைமீனாய் மணத்தான். ஒரு மாப்பிள்ளையை ஏற்றிப் போனார். பெண் வீட்டு வாசலில் முதலில் வரவேற்றது பூனைகள். தினமும் அந்தக் காரில் கந்தோர் வேலைக்குப் போன என் பக்கத்துக் கதிரையில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

நிலாவெளி பஸ் சாரதி ஒருநாள் சீண்டினான். "காக்கா, இது காரோ யானையோ? நிலாவெளிச் சந்திக்கு என்னை முந்துங்க பாப்பம். தோத்தா இந்தக் குழாயை வெட்டவேணும்."

"ஓம். நீ தோத்தா?"

"உங்களைக் கண்ட இடமெல்லாம் பஸ்ஸை ஓரங்கட்டி வழி விடுறன்."

சாட்சிக்கு நான் காரில் ஏறினேன். காக்கா தோற்கவேண்டும் என்பதே என் ஆசை. டிக்கி நிறைய மேலதிக ஐஸ். பஸ் கோழிக்கும் குஞ்சுக்கும் நின்று நின்று வந்தது. நாங்கள் முன்னால் பறந்தோம்.

சந்திக்கு இரண்டு மைல் இருக்க, கரைவலைக்காரர் நடுறோட்டில் கையைக் காட்டினார்கள். மணலில் பாரை மீன் குவியல். நல்ல வெயில்.

"காக்கா, ஐஸ் லொறி வழியில படுத்திட்டுது! மீன் பழுதாகப் போகுது!"

காக்கா பிரேக்கை மிதித்தார்.

"பைத்தியமே உங்களுக்கு? பஸ் வருது!" என்று கத்தினேன். ஏன் கத்தினேன் என்று தெரியாது.

"வரட்டும். ஐஸ் மீனுக்கு எண்டு செய்தது, தம்பி. நான்தான் எஞ்சினுக்குக் களவாக் குடுத்தனான்."

டிக்கியைக் கொட்டினார். குழாயில் கட்டியிருந்த சாக்கையும் அவிழ்த்துக் கொடுத்தார். பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது. கார் இருமி இருமி, நாங்கள் சந்திக்குப் போனபோது சாரதி இரண்டாவது தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

விஷயம் கேட்டதும் அவன் முகம் மாறியது. "வெட்ட வேணாம், காக்கா."

"தோத்தது தோத்ததுதான்." அன்று பின்னேரமே இரும்பு அறுக்கிற வாளை எடுத்துக் குழாயை அறுத்தார்.

ஒரு கிழமை கார் பழையபடி ஊர்ந்தது. சைக்கிள்காரர் மணி அடித்து முந்தினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே கப்பல் உடைக்கிற இடத்துக்குப் போய் இன்னொரு குழாய் வாங்கி வந்து அவர் முன்னால் போட்டேன்.

"பந்தயம் பழைய குழாய்க்கு. இது வேற. பூட்டுங்க!"

"மணக்குமே, தம்பி?"

"மணக்கட்டும்!"

பிறகு எத்தனையோ நல்ல கார்களில் போய்விட்டேன். ஒன்றிலாவது மீன் மணக்க வேண்டுமே!